சிற்றினமும் சிறுதிரையும்

பாக்கு நீரிணையைக் கடந்துவந்த கஞ்சாப் பொதிகள் வடமாகாணக் கரைகளிலே பிடிபட்டன என்னுஞ் செய்தி நம் பத்திரிகைகளுக்குப் புதியதன்று. "கேரளக் கஞ்சா" என்னும் பெயர் சிறுவரும் அறிந்ததாயிற்று. பொதிகளைக் கடற்படையினரும் பொலிசாரும் பிடிப்பர். ஆயின், அதனை நாடும் ஆசை இளைஞர் உள்ளத்திலே புகும் வழி யாது? அதுவே ஈண்டு ஆராயற்பாலது.

2016ஆம் ஆண்டிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், 13 முதல் 18 வயதுவரையுள்ள 32 பேருக்கு இன்ஸ்டகிராம் படங்களைப் போன்றனவற்றைக் காட்டி, அவர்தம் மூளையின் தொழிற்பாட்டை நோக்கினர். ஒவ்வொரு படத்துடனும், அதனை இத்துணைப்பேர் விரும்பினர் என ஓர் எண் காட்டப்பட்டது. அவ்வெண் ஆராய்ச்சியாளர் தாமே இட்டது. எனினும், எண் பெரிதாயிருந்த படங்களையே அவ்விளைஞர் மிகுதியும் விரும்பினர். புகை, மது முதலியவற்றைக் காட்டும் படங்களை நோக்குங்கால், தன்னையடக்கும் ஆற்றலுக்குரிய மூளைப்பகுதிகளின் தொழிற்பாடு குறைந்து காணப்பட்டது. ஆராய்ச்சி சிறிது, ஆயினும் அது சுட்டும் அபாயம் சிறிதன்று.

முன்னாளிலே தீய நட்புச் சந்தியிலும் மதகடியிலும் இருந்தது. தந்தையும் கண்டார், ஆசிரியரும் கண்டார். இன்று அது உள்ளங்கையளவான திரையினுள்ளே இருக்கின்றது. ஐவர் புகைப்பதை ஐந்நூறுபேர் விரும்பினர் எனக் காணுஞ் சிறுவன், "எல்லாருஞ் செய்கின்றனர், நான் ஒருவனே செய்யாதவன்" என மயங்குகின்றான். புகையாதிருப்போர் தாம் புகையாதிருத்தலைப் படம்பிடித்துக் காட்டுவதில்லை. ஆதலின், அவர் தொகை அவன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

நாம் செய்வது யாது? கைத்தொலைபேசியைப் பறிக்கின்றோம், பிடிபட்டவனைப் பாடசாலையினின்றும் விலக்குகின்றோம். விலக்கப்பட்டவனை வரவேற்க எக்கூட்டம் காத்திருக்கின்றது என எண்ணுகின்றோமில்லை. அங்ஙனம் ஒருவனை விலக்குதற்கு யானும் ஒருகால் உடன்பட்டதுண்டு. அதன்பின் அவனைச் சந்தியிலே கண்டேனன்றி நூலகத்திலே கண்டிலேன். அந்நினைவு இன்றும் என்னை வருத்துகின்றது.

திருவள்ளுவர் சிற்றினஞ் சேராமையை 46ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னர்ப் பெரியாரைத் துணைக்கோடலை வைத்தார். அரசர்க்குக் கூறியதாயினும், அம்முறை நமக்கும் பொருந்தும். நல்ல துணையைக் கொடாது, தீய துணையை விடு என்றல் எங்ஙனம் பயன்படும்?

தன் பிழையை அச்சமின்றிச் சொல்லத்தக்க பெரியார் ஒருவரேனும் அம்மாணாக்கனுக்கு உளரா? பெற்றோரும் ஆசிரியரும் முதற்கண் இவ்வினாவுக்கு விடை கூறுக. திரையைப் பழித்தல் அதன் பின்னர் ஆகுக.