கண்டறிதலும் பின்தொடர்தலும்

மாமல்லபுரத்து வலைஞர், கலங்கரை விளக்கத்தையும் கரையிலுள்ள பிறிதோர் அடையாளத்தையும் நேர்வைத்து நோக்கிக் கடலில் தம்மிடத்தைத் துணிவர் எனச் செங்கற்பட்டு மாணவராகிய யாம் கேட்டுளோம். மங்கிய சிறுகோளொன்றின் நிலையைத் துணிதற்கும் விண்மீன்களே அடையாளமாம். வெவ்வேறு இரவுகளில் மூன்று முறையேனும் அதன் இடத்தை அளந்தாலன்றிப் பாதை புலனாகாது. பின்னரும் தொடராவிடின், கணக்கிலுள்ள சிறுபிழை நாளடைவிற் பெருகிக் கோளே காணாமற்போம். 1801 ஜனவரி முதல் நாள் பியாட்சி கண்ட சீரிஸ், ஞாயிற்றொளியில் மறைந்துபோயிற்று. 24 வயதினரான காஸ் கணித்துரைத்த இடத்தினருகே அவ்வாண்டிறுதியில் மீண்டும் அகப்பட்டது.

நம் நாட்டிலும், சென்னை வானாராய்ச்சிக் கூடத்திலிருந்து போக்சன் 1861 ஏப்ரல் 17-இல் ‘ஏஷியா’வைக் கண்டார், காவலூரில் இராஜமோகன் 1988 பிப்ரவரி 17-இல் ‘இராமானுஜன்’ என்னும் கோளைக் கண்டார். கண்டார் பெயரை உலகம் போற்றுகின்றது. இரவுதோறும் அளந்து அக்கோள்களை இழவாது காத்தார் பெயரை அறிவார் யாவர்?

கருவிகளே இன்று யாவும் செய்யுமே என்பாருமுளர். ஆயினும், சின்னாட் காணப்பட்டுத் தொடர்வாரின்றித் தவறிப்போன சிறுகோள்கள் பல. படியெடுப்பாரின்றிச் செல்லரித்த சுவடிகளை நினைந்து வருந்தும் தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பு விளங்காததன்று. ஆதலின், கண்டறிதலினும் பின்தொடர்தலே அரிதென்பது எம் துணிபு. நம் மாணவர் சிலரேனும் கூடி, ஒரு சிறுகோளை ஓராண்டு விடாது அளப்பாராக.