பல்லிக்குக் கும்பிடு, உடும்புக்குக் குழம்பா?

காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகுமாம். அப்படித் தொட்டுக் கும்பிட்டவரே கூரம் பக்கம் வரப்பில் உடும்பைக் கண்டால் கல்லைத் தேடுவார். கேட்டால், கறி இடுப்புக்குப் பலமாம்!

உடும்பைத் தின்றால் உடும்புப்பிடி வந்துவிடுமா என்ன? அந்தப் பிடி இருப்பது கறியில் இல்லை சாமி, வளைந்த நகத்தில். பாம்பு மாதிரிப் பிளந்த நாக்கை நீட்டி, வாசனை பிடித்து, வண்டு, நண்டு, எலி என்று தேடித் தின்கிற ஜீவன் அது.

இதன் பங்காளி கொமோடோ டிராகன் 3 மீட்டர் வளரும். அதைப் பார்க்க இந்தோனேசியாவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும் நம்மூர்க்காரனுக்கு மட்டும் குழம்புச் சட்டியா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு உடும்பும் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு ஜெயில்.