பழம்பாணிக் கிதார் வேண்டுமோ?

கையிலுள்ள மின்கிதார் நன்றாய் ஒலித்திருக்கவும், அதனை விற்றுப் பழம்பாணிக் கிதார் வாங்க விழைவார் பலர். அமெரிக்காவிற் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் வெளியிட்ட டெலிகாஸ்டர் (1951), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954) முதலியவற்றின் அமைப்பைப் பின்பற்றி இன்று செய்யப்படுவனவே இவை. இவற்றை உயர்வென்று கொள்ளலாமோ என யாம் சிறிது ஆராய்வாம்.

முதலில் விரற்பலகை. பழைய பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரமுடையது. பல தந்திகளை ஒருங்கே அழுத்துங்கால் அது கைக்கு இதமாகவே இருக்கும். ஆயின், தந்திகளைத் தாழ்த்தி வைத்து, ஒன்றை வளைத்து இழுத்தால், அஃது உயர்ந்த நடுப்பகுதியிலுள்ள மெட்டுக்களில் இடறி ஓசை அவிந்துவிடும். பிற்காலத்துக் கிதார்கள் பலவற்றில் 9.5 அங்குல ஆரம் வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம். ஒற்றைச் சுருள் பிக்கப்போ, கணீரென்னும் நாதத்தோடு மின்சார இரைச்சலையும் உடன் கொணர்வது. அவ்விரைச்சலை ஒழிக்கவன்றோ கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரட்டைச் சுருளமைத்து, 1955-இல் அதற்கு உரிமை கோரினார்!

எனவே, பழமையென விலைபெறுவனவற்றுட் சில, அன்றே குறையென உணரப்பட்டவை. தேய்ந்ததுபோற் சுரண்டிய மெருகிற்கு மிகுபொருள் ஈவதோ, பிறர் உழைப்பின் தழும்பை விலைக்குக் கொள்வதேயாம்.

பழைய நாதம் ஒன்றே வேண்டுவார், கையிலுள்ள கிதாரில் இடங்கொள்ளுமாயின் பிக்கப்பை மட்டும் மாற்றுக, செலவு சிறிது. பழைய கழுத்தின் பிடியை விரும்புவாரோ கடையில் அமர்ந்து, கண்ணை மூடி, ஒரு நாழிகை வாசித்துப் பார்க்க. கை அதனையே நாடின் வாங்குக. அதன் பின்னும் முன்னையதை உடனே விற்றல் வேண்டா.