மூணாவது ஓட்டை

எழுந்து போய் உங்கள் சமையலறை பிளக் பாயின்ட்டைக் கொஞ்சம் பாருங்கள். மேலே பெரிசாக ஒரு ஓட்டை, கீழே சின்னதாக ரெண்டு. கீழே உள்ள ரெண்டும் வேலை செய்கின்றன, அதனால் கிரைண்டர் சுத்துகிறது. அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா? உங்களுக்குத் தெரியாது. அதை மாட்டிய எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். சொல்லியிருக்க மாட்டார்.

இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில் கேட்பதில் தனி வேடிக்கை உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அங்கே எர்த் என்றால் உயிர். சாயங்காலம் அதே அம்மா வீட்டுக்கு வந்து, ஈரக் கையும் வெறுங்காலுமாக, எர்த்தே இல்லாத பிளக்கில் எவர்சில்வர் கிரைண்டரை ஓட்டுகிறார். 'லேசா ஜிவ்வுங்குது, மழைக்கு அப்படித்தான் இருக்கும்' என்கிறார். மழைக்கு இல்லை அம்மா, ஒயருக்கு!

எப்படி வந்தது இந்த நிலைமை? பழைய வீடுகளில் ரெண்டே ஒயர். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ரேடியோவுக்கும் அது போதும் என்று விட்டார்கள். குடிசை இணைப்பு என்றால் ஒரு பல்பு, கதை முடிந்தது. பிறகு 2006-க்கு அப்புறம் இலவச கலர் டி.வி. வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். நல்ல விஷயம்தான், நான் இலவசத்தைக் கிண்டல் செய்கிற கட்சி இல்லை. ஆட்டுக்கல்லில் இடுப்பொடிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கிரைண்டர் என்றால் மூணு பின். அந்த மூணாவது பின்னுக்கு ஒயர் யார் கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. ரெண்டு பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று மூணு பின் சாக்கெட்டை மாட்டினார்கள். உள்ளே அதே ரெண்டு ஒயர். அதாவது சுவரில் ஒரு பொய்யைத் திருகி வைத்தார்கள். சிலர் பிளக்கில் நீளமான பின்னை உடைத்துவிடுகிறார்கள். பிளக்கே இல்லாமல் ஒயரை உரித்து, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குகிறவர்களும் உண்டு. குட்டி ஜப்பானில் தீக்குச்சிக்கா பஞ்சம்!

இவர்களையெல்லாம்விட மோசமானவர் 'விவரமான' ஆசாமி. கீழே இருக்கும் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து மேல் ஓட்டைக்குக் கொடுத்துவிட்டு 'எர்த் ரெடி' என்பார். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கிரைண்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். கெடாத கிரைண்டர் ஆளை அடிக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ரொம்ப நாளாக. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் ஒயரிங் வேலை செய்யலாம் என்றது. பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி சாமான்களை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு. அதிலும் ஒரு நிபந்தனை: இணைப்பின் திறனோ தன்மையோ மாறக்கூடாது. 2010 விதிகளும் இதைத் தொடர்ந்தன. ரெண்டு பின் இருந்த இடத்தில் மூணு பின் மாட்டினால் தன்மை மாறியதா இல்லையா? மெல்லிசு லைட் ஒயரில் 15 ஆம்பியர் சாக்கெட் போட்டு ஹீட்டர் மாட்டினால் திறன் மாறியதா இல்லையா? 16 ஆம்பியருக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். சுவருக்குள் அது வெந்துகொண்டிருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது!

அடுத்தது 46-வது விதி. ஏற்கெனவே இணைப்பு கொடுத்த இடங்களை 5 வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்றது. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ரீடிங் எடுக்கத் தவறாமல் ஆள் வருகிறார். இந்த 5 வருஷ ஆசாமி உங்கள் வீட்டுக்கு என்றைக்காவது வந்திருக்கிறாரா? புது இணைப்பு வாங்கும்போது கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட்தான் உங்கள் வீட்டின் முதலும் கடைசியுமான மருத்துவப் பரிசோதனை.

அமெரிக்காவிலும் எர்த் இல்லாத பழைய வீடுகள் ஏராளம். சுவரை உடை என்று அவர்கள் விதி சொல்லவில்லை. ஒன்று, பழையபடி ரெண்டு ஓட்டை சாக்கெட்டே போடு. மூணு ஓட்டைதான் வேண்டுமென்றால் கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்து அணைக்கும் கருவியைச் சேர்த்துப் போட்டு, 'எர்த் இல்லை' என்று அதன் மேலேயே எழுதி ஒட்டு. அவ்வளவுதான். பணக்கார நாட்டு ஆடம்பரம் இல்லை இது. ஒரு ஸ்டிக்கர்! நாம் அதைக்கூட ஒட்டுவதில்லை.

'முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே ஸார்' என்பவர்களுக்கு: தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் வருஷத்துக்கு 10 ஆயிரத்துக்கு மேல். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கிரைண்டர் ஒவ்வொருத்தராகக் கொல்கிறது. உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

'எம்.சி.பி. போட்டாச்சு' என்பவர்களுக்கு: அது ஒயரைக் காப்பாற்றும், உங்களை இல்லை. 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்குங்கள். அதோடு எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கருவி கசிவைக் கண்டுபிடிக்க யாராவது ஒருவர் தொட்டாக வேண்டும்.

எர்த் என்பது பைப்பைப் புதைத்து மறந்துவிடுகிற சமாசாரமும் இல்லை. சித்திரை வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழிக்கு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது.

மின்வாரியம் அந்த 5 வருஷ சோதனையை ஏதாவது ஒரு ஊரில், திருத்தங்கலிலோ சாத்தூரிலோ, முதலில் செய்து காட்டட்டும். அதுவரை உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். அடுத்த தடவை சாக்கெட் மாற்ற ஆள் வந்தால், டெஸ்ட் லாம்ப் எரிகிறது என்று காட்டுவதை நம்பாதீர்கள். நியூட்ரலைச் சுற்றிவிட்ட பாயின்ட்டிலும் அது ஜோராக எரியும். மெயினை அணைக்கச் சொல்லுங்கள். பிளேட்டைத் திறந்து, மூணாவது ஓட்டைக்குப் பச்சை ஒயர் வருகிறதா, அது மீட்டர் பெட்டி வழியாக வெளியே எர்த் குழி வரை போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகுதான் கூலி.