கலங்கிய குளத்தில் இறங்குமுன்

துருசில் கட்டையோ சல்வீனியாவோ அடைத்துக்கொண்டால், நன்றாக நீந்தும் பொடியன் ஒருவனை இறக்கினால் போதும் என்று நினைக்கிறோம். காற்றுச் சிலிண்டரோடு சுழியோடி வந்தால் பயமே இல்லை என்றும் நினைக்கிறோம். இரண்டும் தவறு.

கடலில் பழகிய சுழியோடிக்கும் எமது குளம் வேறுதான். கால் பட்டதும் சேறு கிளம்பும். தன் கையே தனக்குத் தெரியாது. விளக்குப் பிடித்தாலும் சேறுதான் மின்னும். தடவியே வேலை செய்யவேண்டும். அப்போது கை போகும் இடத்தில்தான் ஆபத்து. 5 மீற்றர் ஆழத்தில், மறுபக்கம் வெறுமையாக இருக்கும் ஓர் அடிச் சதுர வாயை நீர் ஏறக்குறைய 450 கிலோ பாரத்தோடு அழுத்தும். அதில் அகப்பட்டவரை இழுத்தெடுப்பது அரிது. சிலிண்டரின் காற்றோ அளவானது.

ஆகவே, நீரின் இழுவை நிற்காமல் எவரையும் இறக்கக்கூடாது. பயிற்சி பெற்றவரே இறங்கட்டும்; அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை கரையில் ஒருவர் கையில் இருக்கட்டும்.

நாம் திரும்பிப் போகும் ஊர்க்குளம் பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கும். அடியில் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சிறுபோகம் முடிந்து நீர் வற்றும் ஆவணி, புரட்டாசியில் எல்லோரும் கூடித் துருசைத் துப்புரவாக்கினால் சுழியோடும் தேவையே குறையும். ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் வரும். பிள்ளை வரமாட்டான்.