ஆள்காட்டி விரலும் ஆர்.டி. பட்டனும்

சம்பளம் வந்த மறுநாள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வாலிபர்களுக்குத் தவறாமல் ஒரு சந்தேகம் வருகிறது. "சார், கம்ப்யூட்டர்ல கேம் ஆட ஒரு கன்ட்ரோலர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?"

பி.காம். படித்தவனிடம் இதைக் கேட்பானேன்? எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் இன்கம்டாக்ஸ் ரிடர்ன் போட்டுத் தருகிறேன். ரிடர்ன் போடத் தெரிந்தவனுக்கு ராக்கெட்டும் விடத் தெரியும் என்பது கள்ளிக்குப்பத்து நம்பிக்கை.

வருகிறவர்கள் செல்போனில் ஒரு போட்டோவையும் காட்டுவார்கள். அதில் கன்ட்ரோலர், கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி சிவப்பு, பச்சை, நீலம் என்று எரிந்துகொண்டிருக்கும். "லைட்டெல்லாம் வருது சார்!" வரும். லைட் எரிவதால் ஒரு கோல்கூடக் கூடுதலாக விழாது.

என் முதல் கேள்வி, என்ன ஆட்டம் ஆடப் போகிறீர்கள் என்பது. துப்பாக்கி ஆட்டமென்றால் பணத்தை பாங்கிலேயே விட்டுவையுங்கள். அங்கே மௌஸ்தான் ராஜா. வாலரன்ட் போன்ற ஆட்டம் கம்ப்யூட்டரில் கன்ட்ரோலரை வாசல்படி ஏறவே விடாது. படை திரட்டி, கோட்டை கட்டி ஆடுகிறவற்றுக்கும் மௌஸ்தான். கார் ரேஸ், ஃபுட்பால், கும்மாங்குத்து, கிரிக்கெட் என்றால் உட்காருங்கள், பேசலாம்.

காரணம் எளிது. கீபோர்டு என்பது லைட் சுவிட்ச். போட்டால் எரியும், அணைத்தால் அணையும். கன்ட்ரோலரின் குச்சி, ஃபேன் ரெகுலேட்டர். கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் திரும்பும். கீபோர்டில் கார் ஓட்டுகிறவன் வளைவில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போவது, ஸ்டியரிங்கை வெடுக் வெடுக்கென்று கடைசிவரை ஒடித்து ஓட்டுவது மாதிரி. 2006-ல் வந்த கிரிக்கெட் 07-ஐ நம்மில் எத்தனையோ பேர் கீபோர்டிலேயே ஆடித் தேய்த்தோம். அதில் வலது குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஷாட் போகும்படி ஓர் ஏற்பாடு செய்து, அதற்கு 'செஞ்சுரி ஸ்டிக்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். குச்சியே இல்லாமல் நாம் செஞ்சுரி அடித்தோம் என்பது தனிப் பெருமை.

அடுத்தது, கம்ப்யூட்டரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் பாஷை. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-இன்புட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கு கம்ப்யூட்டர் ஆட்டங்களில் பெரும்பாலானவை அதைத்தான் எதிர்பார்க்கின்றன. அதற்கு முந்தைய பாஷை டைரக்ட்-இன்புட். அது மட்டும் தெரிந்த கன்ட்ரோலரைச் செருகினால் விண்டோஸ் 'வாங்க' என்று சொல்லும், ஆட்டம் 'நீ யாருப்பா?' என்று கேட்கும். பெட்டியின் மேல் எக்ஸ்-இன்புட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடாததை இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் செல்வாக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்றால், அமெரிக்கக் கடற்படை 2018-ல் சேர்த்துக்கொண்ட 'கொலராடோ' நீர்மூழ்கியில், பெரிஸ்கோப் வேலையைச் செய்யும் கேமரா கம்பத்தைத் திருப்ப அதைத்தான் வைத்தார்கள். பழைய கைப்பிடியும் அதன் பலகையும் சுமார் 38,000 டாலர். கன்ட்ரோலர் 30 டாலருக்கும் கீழே. தவிர, புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், வீட்டிலேயே பயிற்சி முடித்துவிட்டு வருகிறார்கள். ஆவடியில் டாங்க் செய்கிற ஃபாக்டரிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்களா, முறைப்பார்களா தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

சரி, எங்கே போய்ப் பணம் போடுவது? ஒரே இடத்தில்தான்: குச்சியில்.

கன்ட்ரோலர் சாகும்போது முதலில் போவது குச்சிதான். ஒரு நாள் நீங்கள் தொடாமலேயே உங்கள் ஆள் மெதுவாக இடது பக்கம் நடக்க ஆரம்பிப்பான். பேய் இல்லை. 'டிரிஃப்ட்' என்பார்கள். சாதாரணக் குச்சிக்குள் இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருந்த அதே சங்கதி: ஒரு கரித் தடம், அதன்மேல் உரசிக்கொண்டு போகும் ஓர் உலோக நாக்கு. வருஷக் கணக்கில் திருகிய ரேடியோ கரகரவென்று கத்தும், ஞாபகமிருக்கிறதா? கன்ட்ரோலருக்குக் கத்த வாயில்லை, அதனால் நடக்கிறது.

இதற்கு மாற்று ஹால் எஃபெக்ட் குச்சி. 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த விஷயம். மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் குறுக்கே ஒரு சின்ன வோல்டேஜ் தோன்றும். குச்சியின் அடியில் காந்தம், எதிரே ஒரு சென்சார். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. தொடாததால் தேய்மானம் இல்லை. (குடும்பத் தகராறுகளுக்கும் பொருந்தும்போல் இருக்கிறது, நமக்கெதற்கு.) எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டர் பிடியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 1998-ல் வந்த செகா ட்ரீம்காஸ்டிலேயே இந்தக் குச்சி இருந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் சௌகரியமாக மறந்துவிட்டன. விசித்திரம் என்னவென்றால், ஐயாயிரத்தைத் தாண்டும் பெரிய பெயர்களில் இன்றும் பல கரித் தடத்தில்தான் ஓடுகின்றன. காஸ்மிக் பைட், ஈவோஃபாக்ஸ் என்று நம் நாட்டுப் பெயர்களில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கே காந்தக் குச்சி கிடைக்கிறது. டி.எம்.ஆர். என்று அதற்கும் ஒரு தம்பி வந்திருக்கிறான். அவனும் காந்தம்தான், கரன்ட் குறைவாகக் குடிப்பான்.

ஒயரா, ஒயர்லெஸ்ஸா என்றால் மேஜைமேல் கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுக்கு ஒயர் போதும். சார்ஜ் கவலை இல்லை, விலையும் குறைவு.

இந்த அளவோடு நிறுத்தியிருப்பேன். போன மாதம் எதிர் வீட்டு அண்ணன் வந்தார்.

அண்ணனுக்கு எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டின் குறுக்குத் தெருக்களில் நடந்திருப்பவர்களுக்கு அந்த 'டங்... டங்...' பழக்கமான சத்தம். தகட்டை வைத்து எடுப்பதற்குள் மேலிருந்து டன் கணக்கில் இறங்கும். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனின் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. ஒரு கணு மிச்சம்.

பி.காம்.மில் தொழிற்சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. 1923-ம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் நஷ்டம் 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், இரண்டு மார்க் கேள்வி. அந்தப் பதினொரு சதவீதம் எதிர் வீட்டில் குடியிருக்கும் என்று அப்போது தெரியாது.

"தம்பி, வெரல் இல்லாதவன் ஆடற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றார் அண்ணன்.

ஒன்பதாவது படிக்கும் பையனோடு ஃபுட்பால் ஆடுகிறாராம். ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர், இரண்டு பழைய கன்ட்ரோலர். ஆரம்பத்தில் ஏழு - பூஜ்யம், எட்டு - பூஜ்யம் என்று தோற்றார். "அது பரவால்ல தம்பி. இப்போ ரெண்டு வாரமா நான் ஜெயிக்கறேன்."

"நல்லதுதானேண்ணே?"

"பையன் விட்டுக் குடுக்கறான். கோல் கீப்பரை வேணும்னே வெளிய கொண்டாரான். எனக்குத் தெரியாதா? அதான் தாங்கல."

சட்டம் போட்ட கணக்கு வேறு, கன்ட்ரோலர் போடும் கணக்கு வேறு. வலது ஆள்காட்டி விரலுக்கு அதில் இரண்டு பட்டன் ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே ஆர்.பி., அடியில் துப்பாக்கி விசை மாதிரி ஆர்.டி. கார் ஆட்டத்தில் ஆர்.டி.தான் ஆக்ஸிலரேட்டர், துப்பாக்கி ஆட்டத்தில் சுடுவது, ஃபுட்பாலில் வேகமாக ஓடுவது. அந்த விரல் இல்லாதவனின் ஆள் மைதானத்தில் வாக்கிங் போவான். அதுவா பதினொரு சதவீதம்?

முதலில் காசில்லாத வைத்தியம். ஸ்டீமில் கன்ட்ரோலர் செட்டிங்கில் எந்த பட்டனையும் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆர்.டி.யையும் இடது கை எல்.டி.யையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். தாக்கும்போது சரியாக ஓடினார். தடுக்கும்போது இடித்தது: எதிராளியை மறித்துக்கொண்டே ஓட இரண்டு விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மாற்றி வைத்தாலும் இரண்டு விரல் இரண்டு விரல்தானே.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018-ல் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று ஒன்று கொண்டுவந்தது. தட்டு மாதிரி இரண்டு பெரிய பட்டன், பின்னால் வரிசையாக 19 துளை. காலால் அழுத்தும் சுவிட்சோ, முழங்கையால் தள்ளும் குச்சியோ, எது முடியுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். சோனியும் 2023-ல் தன் பங்குக்கு ஒன்று விட்டது. அருமையான யோசனை. அண்ணனிடம் போட்டோ காட்டினேன். "அவ்ளோ ஆகல தம்பி, ஒரு வெரல்தான்" என்றார்.

ஞாயிறு கடைகள் இருக்காதென்று சனிக்கிழமை கிளம்பினோம். அம்பத்தூரில் லோக்கல் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கி (1985-ல் எரிந்துபோன பழைய மார்க்கெட் இருந்த இடம்தான் இப்போது ஸ்டேஷன்), மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். நாலெட்டில் ரிச்சி ஸ்ட்ரீட்.

முதல் கடையில் "ஒரிஜினல் வேணுமா, ஃபர்ஸ்ட் காப்பி வேணுமா?" என்று கேட்டார்கள். நேர்மையான கேள்வி. இரண்டாவது கடையில் பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அண்ணனின் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், தான் ஆடுவதற்கு வைத்திருந்த மூன்று கன்ட்ரோலர்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"புடிச்சுப் பாருங்கண்ணே. நடு வெரல ஆர்.டி.ல வைங்க."

வைத்தார். நடு விரல் மேலே போனதும், அடியில் தாங்கிப் பிடிக்க மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். கனமானது கை நழுவியது. அது ஒதுங்கியது. இரண்டாவது லேசாக இருந்தது, ஆனால் விசை ஆழமாக உள்ளே போயிற்று. மூன்றாவதில் பின்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள். தள்ளினால் விசை அரைக் கொட்டாவி அளவுக்குத்தான் அமுங்கும். கார் ஆட்டத்துக்கு இது ஆகாது, பாதி ஆக்ஸிலரேட்டர் என்ற பேச்சே இருக்காது. ஃபுட்பாலுக்கு போதும். அதோடு முதுகில் இரண்டு உபரி பட்டன். வலது பக்கத்ததை ஆர்.பி.யாக மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். அண்ணனின் மோதிர விரல் தானாகவே அதன்மேல் போய் உட்கார்ந்தது.

கடை கம்ப்யூட்டரில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சி.பி.எல். என்று தட்டினார். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பரிசோதனைப் பலகை; நீங்களும் வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். குச்சியை விட்டால் சிலுவைக் குறி நட்ட நடுவில் வந்து நிற்க வேண்டும், ஆடக் கூடாது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விளக்கு எரிய வேண்டும். எல்லாம் எரிந்தது. காந்தக் குச்சிதான். பில்லோடு இரண்டாயிரத்து நானூறு. "பில் இல்லன்னா நூறு கம்மி" என்றார். பில்லோடுதான் வாங்கினோம். வாரன்டி என்பது அந்தக் காகிதம்தான்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வில்லிவாக்கம் வரை மோதிர விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு வந்தார்.

அன்று இரவு நாலு - ரெண்டு என்று தோற்றார். மறுநாள் மூணு - ரெண்டு. பையன் கோல் கீப்பரை வெளியே கொண்டுவருவதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். போன வாரம் மூணு - ஒண்ணு என்று ஜெயித்தேவிட்டார். அன்றைக்கு பையன் என் வீட்டுக்கு வந்து புகார் கொடுத்தான்.

"அப்பாவோடதுல பின்னாடி பட்டன் இருக்கு அங்கிள். அது சீட்டிங். எனக்கும் அது மாதிரியே வேணும்."

"உன்னுடையதற்கு என்ன?"

"நான் தொடாமயே லெஃப்ட்ல போகுது."

அடுத்த சனிக்கிழமை மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இந்த முறை பில் அண்ணன் பெயரில், பட்ஜெட் ஆயிரத்து ஐநூறு, முதுகு பட்டன் கிடையாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.