‘கிடைக்குமாயின்’

சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் கூறி அறிக்கையிட வேண்டுமெனத் திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. ‘நினைவிருந்தால் சொல்கிறேன்’ என்று குருவானவரிடம் நிபந்தனை விதிப்பார் உண்டோ?

பங்குச் சந்தையை நெறிப்படுத்தும் செபியோ, முன்னணி 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கிய அறிக்கையில், பசுங்குடில் வாயுக்களை வகைபிரித்துக் காட்டுமிடத்தில் ‘கிடைக்குமாயின்’ என்றொரு சொல்லைச் சேர்த்து வைத்திருக்கிறது.

கணினிச் சில்லு செய்யும் ஆலைகளுக்கு அந்த வாசல் போதும். அங்கே கலன்களைத் துப்புரவாக்கும் நைட்ரஜன் டிரைஃபுளோரைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 16,000 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்குவது. 1997-இன் கியோட்டோ உடன்படிக்கைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2012-இல் தோகாவில்தான் சேர்த்தார்கள். இடையே, 2008-இல் அறிவியலாளர் வளிமண்டலத்தையே அளந்தபோது, அது முந்தைய மதிப்பீட்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது!

2024-இல் குஜராத்தின் தொலேராவில் சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டினர். நாளை நம் ஓசூருக்கும் வரலாம். வரட்டும், வேலையை வேண்டாமென்னும் வசதி சிங்காரப்பேட்டைக்கு இல்லை. ஆனால் உருளை உருளையாக விலைகொடுத்து வாங்கிய வாயுவுக்குக் கணக்கு ‘கிடைக்கவில்லை’ என்றால் யார் நம்புவது? கொள்முதல் ஏடு இருக்கிறதே! செபி அச்சொல்லை நீக்கட்டும்.